பழைய பெயரும் புதிய பண்டமும்

ஒருவன் ஒரு பொருளை நெடுங்காலம் ஒரு பெயரால் விற்று வருகின்றான். பின்னர் அப்பொருளின் உள்ளுறுப்புக்களை மாற்றிவிட்டு, அதே பெயரால் மீண்டும் விற்கின்றான். பெயரை நம்பி வாங்கியவன் வீட்டிற் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, “இது நாம் அறிந்த பொருளன்றே” என மனம் வருந்துகின்றான். இங்கே யாரேனும் யாருக்கேனும் தீங்கு இழைத்தனரா? இழைத்தனராயின், அத்தீங்கிற்குப் பெயர் யாது? பொய்யா, களவா, அன்றிக் காலத்தின் இயல்பான ஓட்டந்தானா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

இதனை அற்ப விஷயமென்று ஒதுக்குவாரும் உளர். ஆனால், சீர்திருத்தம் பேசும் நம்போன்றார்க்கு இக்கேள்வியில் ஒரு முள் இருக்கின்றது. ஊரார் பழைய வழக்கங்களைக் கைவிட மறுக்குங்கால், “பழையது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடுமோ?” என்று கேட்பவர் நாம். திருமணப் பந்தலிலும், சாவு வீட்டிலும், கோயில் திருவிழாவிலும் அக்கேள்வியைக் கேட்டு, உற்றார் உறவினருடைய பகையைத் தேடிக்கொண்டவர் நம்மிற் பலர். அத்தகைய நாமே ஓர் இணை ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் குறித்து, “பழையதுபோல் இல்லையே” என்று முறையிடத் தொடங்கினால், எதிர்க்கட்சியார் கைகொட்டி நகையாரோ? நகைப்பர். அந்நகைப்புக்கு விடை சொல்லக்கூடுமா என்று பார்த்தாக வேண்டும்.

பேச்சு எழுந்த காரணத்தைச் சுருங்கக் கூறுவோம். புக்கிட் பெருவாங்கில் நாம் குடியிருக்கும் வீட்டு முன்கூடத்தில் ஒரு சோடி ஒலிபெருக்கிகள் 14 ஆண்டுகளாகப் பாடி வந்தன. தோட்டத்தில் கிராணி வேலையில் அமர்ந்த மூன்றாம் ஆண்டில் கிடைத்த போனஸ் பணத்தைக் கொண்டு வாங்கியவை அவை. வீடு அதிரப் பாடுவன அல்ல. அடுத்த வீட்டார் ஒருநாளேனும் குறை கூறியதில்லை. ஆனால் மனிதக் குரலை மனிதக் குரலாகவே தந்தன. காருகுறிச்சி அருணாசலம் நாகசுரத்தில் மூச்சை இழுத்து நிறுத்தி அடுத்த சங்கதிக்குப் போகுமுன் உள்ள அந்தச் சிறு இடைவெளியைக்கூட அவை விழுங்கிவிடவில்லை. கடல்காற்றும் ஈரமும் மிகுந்த மலாக்கா மண்ணில் ஒலிபெருக்கிக் கூம்பின் விளிம்பிலுள்ள நுரைவளையம் நெடுநாள் நிலைப்பதில்லை. ஒருமுறை நகரத்தில் பழுதுபார்ப்போர் ஒருவர் புதுவளையம் ஒட்டிக் கொடுத்தார். இரண்டாம் முறை கொண்டுசென்றபோது, “சார், இன்னும் ஓராண்டு தாங்கும், அதற்குமேல் என்னாலாகாது” என்று கைவிரித்தார். ஆகவே, அதே நிறுவனத்தார் அதே பெயரால் இப்பொழுது விற்கும் சோடியை ஒன்றரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. பெட்டியோடு வந்த தாளில், புகழ்பெற்ற அதே ஒலி என்று அச்சிட்டிருந்தது. பெட்டியின் அளவும், மரத்தின் நிறமும், முன்துணியின் நெசவுங்கூடப் பழையபடியே இருந்தன. ஒலி மட்டும் வேறு. தாழ்ந்த ஒலி பருத்திருக்கின்றது. உயர்ந்த ஒலி மினுக்குகின்றது. இரண்டிற்கும் நடுவே குரல் வாழும் இடம் பள்ளமாகிவிட்டது. தவிலின் வலந்தலை காதைத் துளைக்க, பாடுகிறவர் இரண்டடி பின்னே தள்ளி நிற்பதுபோலத் தோன்றுகின்றார்.

இனி, அறத்தைப் பேசுமுன் காதை விசாரிக்க வேண்டும். பகுத்தறிவு பேசுவோர் தம் புலன்களை மட்டும் விசாரணையின்றி விடுவது முறையன்று. பழகிய சோற்றின் சுவைபோலப் பழகிய ஓசையும் நாவிலும் செவியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனோடு கண்ணும் காதை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் அறிஞர் இருவர் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்திற் பெயர்பெற்றது. ஒரே ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னே மறைத்துவைத்து ஒருமுறையும், கண்ணுக்குத் தெரியவைத்து ஒருமுறையும் கேட்கச் செய்து மதிப்பெண் வாங்கினர். பார்த்துக் கேட்டபோது இட்ட மதிப்பெண் ஒன்று. பாராமற் கேட்டபோது இட்ட மதிப்பெண் மற்றொன்று. பெட்டியின் பருமனும் பேரும் விலையும் காதுக்குள் புகுந்து தீர்ப்பெழுதிவிடுகின்றன என்பதே அதன் கருத்து. மேலும், இரண்டனுள் சிறிதே உரக்க ஒலிப்பது நல்லதுபோல் தோன்றுவதும் மனித இயல்பு.

ஆதலின் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, முன்கூடத்தில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, இரு சோடிகளின் ஓசையளவையும் கைபேசியின் அளவுகருவியால் சமப்படுத்தச் சொன்னோம். பன்னிரண்டு முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். பத்து முறை எது எதுவென்று சரியாகக் கூறினோம். குரலுக்குப் பழையதே மேல் என்று ஒவ்வொரு முறையும் எழுதினோம். பள்ளிக்கூடத்திற் படிக்கும் நண்பரின் மகனும் உடனிருந்து கேட்டான். அவனும் வேறுபாட்டைக் கண்டுகொண்டான்; ஆனால் புதியதே நன்று என்றான்! “பழசு ரொம்பச் சாதுவாயிருக்கு, மாமா” என்பது அவன் தீர்ப்பு. இதனால் நாம் தெளிந்தன இரண்டு. வேறுபாடு கற்பனையன்று என்பது ஒன்று. எது மேல் என்பது சுவையைப் பொறுத்தது என்பது மற்றொன்று. புதியது கெட்டது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. புதியது வேறு என்று சொல்ல முழு உரிமையும் உண்டு. வழக்கு இனி அந்த “வேறு” என்ற சொல்லைப் பற்றியதே.

“எல்லாப் பொருளும் நாள்தோறும் வேறாகிக்கொண்டே தானே இருக்கின்றது? உம்முடைய பழைய பெட்டியிலேயே நுரைவளையம் புதிதாயிற்றே, அதனை மட்டும் பழையது என்பானேன்?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான்; நாம் முதலிற் கேட்டதுமன்று. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனுடைய கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்துக்கொண்டே வந்தனர். அது அதே கப்பல்தானா என்று தத்துவிகள் வாதிட்டனர் எனப் புளூட்டார்க் எழுதியதை ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் நாமும் உருப்போட்டோம். ஆனால், அதனினும் ஆழமாக இவ்வினாவை ஆராய்ந்தவர் நம் கீழைநாட்டுப் பௌத்தர். மிலிந்தன் என்னும் யவன மன்னன் தேரில் வந்திறங்கினான், நாகசேனர் என்னும் துறவி, “தேர் எது? அச்சா, சக்கரமா, நுகமா?” என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, அவற்றுள் எதுவும் தேரன்று, அவற்றை விடுத்து வேறோர் இடத்திலும் தேரில்லை, உறுப்புக்கள் கூடிய கூட்டத்திற்கு வழங்கும் பெயரே தேர் என்று காட்டினார். உயிரைப் பற்றிய வாதம் அது, பண்டத்திற்கும் பொருந்தும்.

பெயரே பொருளைக் கட்டிவைக்கிறதென்றால், பெயரின் இயல்பு யாதென்று கேட்க வேண்டும். நம் இலக்கணக்காரர் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தனர். யாதொரு காரணமுமின்றி இட்டது இடுகுறி. ஒரு தன்மை பற்றி வந்தது காரணப்பெயர். தொழிற்சாலையில் ஒரு பெட்டிக்கு எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரு பெயர் சூட்டும் நாளில் அஃது வெறும் இடுகுறி. ஆனால், பத்தாண்டு இருபதாண்டு பல்லாயிரவர் வீட்டில் அப்பெட்டி பாடியபின், அப்பெயரைச் சொன்னவுடனே ஓர் ஒலி செவியில் எழுகின்றது. “குரலுக்கு நல்ல பெட்டி” என்பதே அதன் பொருளாகிவிடுகின்றது. இடுகுறி காரணப்பெயராய்ப் பழுத்துவிட்டது என்க. இப்பழுத்தலைச் செய்தவர் யார்? பெயரிட்டவன் மட்டுமல்லன். வாங்கியவனும், கேட்டவனும், பக்கத்து வீட்டானுக்கு எடுத்துச் சொன்னவனும் சேர்ந்து செய்தனர். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம்முடைய சிறு வழக்கைக் காட்டிலும் தெளிவான வழக்கு ஒன்று உலகில் நடந்திருக்கின்றது. ஒலிபெருக்கி ஆர்வலர் அனைவரும் அறிந்த எல்எஸ் 3/5ஏ என்பதன் கதை அது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி.யார், நிலையத்துக்கு வெளியே சென்று ஒலிப்பதிவு செய்யும் வண்டிகளில், இடம் மிகக் குறுகியவிடத்துப் பேச்சைச் சரிபார்ப்பதற்கென 1970-களின் தொடக்கத்தில் ஒரு சிறு பெட்டியை வகுத்தனர். உயரம் ஏறத்தாழ 12 அங்குலம். அகலம் ஏழரை அங்குலம். கெஃப் என்னும் ஆங்கில நிறுவனத்தார் செய்த பி110 என்ற ஊஃபரும், டி27 என்ற ட்வீட்டரும் அதனுள் அமைந்தன. முதலில் அதன் பெயர் எல்எஸ் 3/5 மட்டுமே. சில பெட்டிகள் செய்து முடித்தபின், கெஃப் நிறுவனத்தார் தம் ஒலிவாய்களைச் சிறிது மாற்றினர். புதிய ஒலிவாயைப் பழைய சுற்றிலே பொருத்தினால் ஒலி மாறும். பி.பி.சி.யின் பொறியாளர் என்ன செய்தனர்? மீண்டும் முதலிலிருந்து அளந்து, பிரிப்புச் சுற்றைத் திருத்தி, முன்னைய ஒலிக்கு நிகராக்கி, அவ்வாறாக்கிய பின்னரும் பெயரின் கடைசியில் “ஏ” என்னும் ஓரெழுத்தைச் சேர்த்தனர். ஹார்வுட், வாட்டன், மில்ஸ் என்னும் மூவர் 1976-இல் அதன் அமைப்பை விரிவாக எழுதி அறிக்கையாகவும் வெளியிட்டனர். ஓரெழுத்துத்தான். ஆயினும் அவ்வோரெழுத்தில் எத்துணை நேர்மை அடங்கியிருக்கின்றது!

அப்பெட்டியின் உள்ளமைப்பைச் சிறிது விளக்குவது நலம். ஏனெனில், மாற்றம் எப்படிச் சத்தமின்றி நுழைகின்றது என்பது அதனாற் புலப்படும். பிளாஸ்டிக்கு வகையைச் சேர்ந்த பெக்ஸ்ட்ரீன் என்னும் தகட்டால் ஊஃபரின் கூம்பைச் செய்து, அதன்மேல் ஒருவகைப் பூச்சைப் பூசினர். பூச்சின் கனம் சிறிது கூடினும் குறையினும் ஒலி மாறும். தொழிற்சாலையில் வருவன அனைத்தும் ஒரேமாதிரி இரா. ஆகவே, சுற்றினுள் உள்ள கம்பிச்சுருளில் பல கிளைகள் விட்டு, ஒவ்வொரு ட்வீட்டரின் வலிமைக்குமேற்ப ஒரு கிளையைத் தேர்ந்து பற்றவைத்தனர். பல நிறுவனத்தார் பி.பி.சி.யிடம் உரிமம் பெற்று இப்பெட்டியைச் செய்தனர். ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலியோர் அவருட் சிலர். எவர் செய்யினும் குறித்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதே உரிமத்தின் கட்டளை. எல்எஸ் 3/5ஏ என்ற பெயர் ஒரு நிறுவனத்தின் பெயரன்று; ஓர் அளவுகோலின் பெயர் என்றே சொல்லலாம்.

1980-களின் பிற்பகுதியில் சோதனை வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல பி110 மெல்ல மெல்ல விலகி, அளவுக்குள் அடங்காது கழிக்கப்படுவன மிகுந்தன. ஆகவே ஒலிவாயைத் திருத்தி, சுற்றைப் புதிதாக வகுத்தனர். மின்னெதிர்ப்பு முன்னே 15 ஓம் எனக் குறிக்கப்பெற்றிருந்தது; இப்பொழுது 11 ஓம் ஆயிற்று. அளவுகளின்படி புதியதும் பழையதற்கு ஒத்ததே என்றனர் பொறியாளர். அவர்கள் சொன்னது பொய்யென்று நாம் கூறோம். ஆனால், இம்முறை பெயரில் எழுத்துக் கூடவில்லை. “ஏ” “பி” ஆகவில்லை. அதன் விளைவு யாதெனின், பெயரைச் செய்தவர் செய்யாது விட்ட வேலையைக் கேட்பவர் செய்துகொண்டனர்! உலகெங்கும் பழைய பெட்டி விற்போரும் வாங்குவோரும் இன்றளவும் “15 ஓமா, 11 ஓமா?” என்றே கேட்கின்றனர், இரண்டிற்கும் விலையும் வேறாகவே நிற்கின்றது. 15 ஓம்தான் உண்மையானதென்று ஒரு கூட்டம். 11 ஓம்தான் அளவில் ஒழுங்கானதென்று மற்றொரு கூட்டம். நாம் தீர்ப்பளிக்க அஞ்சுகிறோம். இரண்டையும் அருகருகே வைத்துத் திரைகட்டிக் கேட்கும் வாய்ப்பு ஒரு தோட்டக் கிராணிக்கு எளிதிற் கிட்டுமோ?

1990-களின் இறுதியில் கெஃப் அவ்வொலிவாய்களைச் செய்வதை நிறுத்தியது. ரோஜர்ஸ் என்னும் பெயரோ 1993-லேயே ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றிருந்தது. அதன்பின் இருவகை வழிகள் தோன்றின. வேறு ஒலிவாய்களைக் கொண்டு பழைய ஒலியை எட்ட முயன்று, பெயரின் பின்னே “வி2” என்று சேர்த்து விற்றனர் ஸ்டெர்லிங் நிறுவனத்தார். இஃது ஒரு வழி. கெஃப்பில் அவ்வொலிவாய்களை முதன்முதல் வகுத்தவராகிய மால்கம் ஜோன்ஸ் என்பாருடைய ஃபால்கன் நிறுவனம், பி110-ஐயும் டி27-ஐயுமே மீண்டும் பழையபடி உண்டாக்கி, 15 ஓம் பெட்டியை 2010-களிற் கொணர்ந்தது. இது மற்றொரு வழி. இரண்டும் நேர்மையானவையே என்பது நம் துணிபு. முன்னது, “யாம் வேறு” என்று பெயரிலேயே சொல்லிற்று. பின்னது, “யாம் அதுவே” என்று சொல்லி, அச்சொல்லை மெய்ப்பிக்கப் பாடுபட்டது. நடுவழி ஒன்றுண்டு, வேறாகவும் இருந்து, அதுவே என்றும் சொல்வது. நம் முன்கூடத்துப் புதுப்பெட்டி நடக்கும் வழி அதுதான்.

யமஹா என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் மூன்றாவது வழி ஒன்றையும் காட்டினர். 1978-இல் வந்து, உலகத்து ஒலிப்பதிவுக்கூடங்களிலெல்லாம் வெள்ளைக்கூம்போடு வீற்றிருந்த என்எஸ் 10 என்னும் பெட்டியை 2001-இல் அவர்கள் நிறுத்திவிட்டனர். அவ்வெள்ளைக்கூம்பிற்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்கவில்லை என்பது காரணம். வேறு கூழ் இட்டு அதே பெயரால் விற்றிருந்தால் வாங்குவார் இல்லாமற் போயிருக்க மாட்டார்.

தொலைநாட்டுக் கதை போதும். தோட்டத்துத் தமிழர் நாள்தோறும் கண்ட ஒன்றைச் சொல்வோம். இந்நாட்டில் வாணிகத்திற்கெனப் பால்மரத்தை முதன்முதல் பயிரிட்ட இடம் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங் என்பதும், பயிரிட்டவர் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் என்பதும், ஆண்டு 1896 என்பதும் பலரும் அறிந்தவை. அக்காலத்து மரங்கள் விதைமரங்கள். தாய்மரம் குடம்குடமாய்ப் பால் தந்தாலும், அதன் விதையில் முளைத்த பிள்ளைமரம் கஞ்சனாய் நிற்கும். விதைக்கு வாக்குக் கொடுக்கத் தெரியாது. பின்னர், டச்சுக்காரர் ஆண்ட ஜாவா, சுமத்திராத் தீவுகளில் மொட்டு ஒட்டும் முறை கைவந்தது. நல்ல மரத்தின் மொட்டை வேறொரு நாற்றின் பட்டையிற் செருகி வளர்த்தால், மேலே வருவது அந்நல்ல மரமேயாம். வேர் யாருடையதாயினும் பால் தாயினுடையது. அன்றுமுதல் மரத்திற்குப் பெயரும் எண்ணும் வந்தன. ஜாவாவிலிருந்து வந்த டிஜிர் 1. பிராங் புசார் தோட்டத்தார் கண்ட பி.பி. 86, இவ்விரண்டையும் கலந்து, 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600-இன் தந்தையும் தாயும் பெயர்பெற்ற மரங்கள். அவற்றின் பெயரையே பிள்ளைக்கும் இட்டு, “மேம்படுத்திய பி.பி. 86” என்று தோட்டங்களுக்கு விற்றிருக்கலாகாதா? பெயர்க்கடன் எளிதிற் கிடைத்திருக்குமே! அவ்வாறு செய்திலர். ஏன்? ஒட்டுமரம் என்பது ஆறேழு ஆண்டு காத்திருந்து, அதன்பின் இருபது முப்பதாண்டு பால்வெட்டி வாழ வேண்டிய பொருள். பெயரிலே பிழை நேர்ந்தால் அப்பிழை ஆயிரம் ஏக்கரில் வளரும். வெட்டுகிறவன் கூலியிலும் குறையும். ஆகவே, மாற்றம் என்றால் புது எண் என்பது அங்கே விதியாயிற்று. புதிய வரிசைக்கு 2000 என்று எண்ணே தாவிற்று. அந்நிலையம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தினுள் அடங்கிய பின்பும் மரத்தின் பெயர் மாறவில்லை. பெயரிட்ட நிலையத்தின் உருவே மாறலாம். பெயர் குறித்த மொட்டு மாறலாகாது. இப்பொழுது நம்மைச் சூழ்ந்த தோட்டங்களிற் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. ஒட்டுமரத்தின் பெயரை வாயிற் சொல்வார் அருகிவிட்டனர். எனினும், நாற்றங்காலில் எண்ணெழுதிய தகட்டைக் கன்றிற் கட்டுகிற கூலிக்காரர், தாம் ஓர் அறநூலின் சூத்திரத்தைக் கட்டுவதாக நினைத்திருக்க மாட்டார்.

மாற்றமே கூடாதென்று நாம் வாதிக்கின்றோமோ என்று ஐயுறுவார்க்கு நாகசுரத்தைக் காட்டுகிறோம். முன்னாளில் வழங்கியது திமிரி; குட்டையானது, சுருதி உயர்ந்தது. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமாகிய பாரியை ஓங்கச் செய்தார். அவர் காலத்திலேயே நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார், சுத்த மத்திமம் துன்பமின்றிப் பிசகாது ஒலிக்குமாறு துளைகளைத் திருத்தி அக்குழலைச் செப்பம் செய்தார். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சாமரத்தைக் கடைந்து அவ்வூரார் செய்யும் நாகசுரத்திற்கு 2022-இல் இந்திய அரசாங்கத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. தவிலைப் பாருங்கள், தோல்வாரால் இழுத்துக் கட்டியது போய், இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. இவற்றையெல்லாம் நாம் வெறுக்கின்றோமா? இல்லையே. இராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டு, “ஐயோ, திமிரி போயிற்றே” என்று அழுதவரைக் கண்டிலோம்.

ஏன் அழவில்லை? அவ்விடத்து மாற்றத்தை வேண்டியவர் வாசிப்பவர். செய்தவர் அவர்முன் உட்கார்ந்து ஊதிப்பார்த்துத் திருத்தியவர். அடுத்து, திமிரி திமிரியாகவும் பாரி பாரியாகவும் பெயர் பிரிந்து நின்றன. பாரியைக் கொடுத்துத் திமிரி என்று காசு வாங்கிய ஆசாரியார் இல்லை. பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமாகா என்று நன்னூலார் சொல்லுக்கே இடங்கொடுத்திருக்க, குழலுக்கு மறுப்பார் யார்?

இன்னும் ஒன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரத்தை அடைந்த பின்பும் “லாடாங்” என்னும் சொல்லைத் தலையில் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள. தோட்டம் இல்லை; பெயர் இருக்கின்றது. கட்டடம் புதிது, பிள்ளைகளும் தோட்டத்தைக் கண்ணாற் கண்டறியார். அங்கே நாம் ஏமாற்றப்பட்டதாக எவரும் சொல்வதில்லை. மாறாக, அப்பெயரை எடுத்துவிடச் சொன்னால் வருந்துவர். என்னை? மாற்றம் எல்லார் கண்முன்னும் நடந்தது, மறைத்தது ஒன்றுமில்லை. பெயர் எதற்கு வாக்குக் கொடுத்ததோ அந்த வேலை, தமிழ்ப்பிள்ளைக்கு எழுத்தறிவித்தல், அங்கே தொடர்ந்து நடக்கின்றது. சுவர் மாறலாம், பெயர் சுவரைக் குறித்ததன்று. ஒலிபெருக்கியின் பெயரோ ஒலியைக் குறித்தது. மரத்தின் நிறத்தையும் துணியின் நெசவையும் அப்படியே வைத்து ஒலியை மாற்றுவது, பள்ளிக்கூடத்தின் சுவரையும் மணியையும் பெயர்ப்பலகையையும் வைத்துக்கொண்டு பாடத்தை நிறுத்துவது போன்றதாம். நம் நுரைவளையத்தைப் பற்றிக் கேட்டவர்க்கும் இதிலேயே விடை உண்டு. பழுதுபார்த்தவர் மாற்றிய வளையம், ஒலியைக் காப்பதற்காக மாற்றிய பலகை. கப்பல் அதே துறைக்குத்தான் போயிற்று.

இப்பொழுது தீங்கின் பெயரைக் கூறலாம். மாற்றியது தீங்கன்று. விலை ஏற்றியதுமன்று. பெயரிலே சேர்ந்திருந்த நன்மதிப்பு ஒரு சேமிப்பு. அதிற் பணம் போட்டவர் பலர், செவிகளாலும் சொற்களாலும் போட்டவர். அச்சேமிப்பை அவர்களுக்கு அறிவியாமல் எடுத்து, வேறொரு சரக்கின்மேற் செலவிட்டதே தீங்கு. சட்டம் இதனைப் பிடிக்குமா? 1999-ஆம் ஆண்டு மலேசிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பண்டம் அதனைப் பற்றிய விவரிப்புக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்கின்றது. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் பொய்யான விவரிப்பைத் தடுக்கின்றது. நல்ல சட்டங்களே. ஆனால், “அதே ஒலி” என்பதை எக்கோலால் அளப்பது? வழக்குமன்றத்தில் திரைகட்டிக் காருகுறிச்சியாரை ஒலிக்கச் செய்தல் கூடுமோ? சட்டத்தின் வலைக்கண் பெரிது. இத்தகைய மீன் சிறிது. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருளெனப் பேண வேண்டுமென நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது, சட்டம் பிடிக்காத இம்மீனைக் கருதியே போலும்.

வணிகர் ஒருவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “புதுப்பெயர் வைத்தால் யாரய்யா வாங்குவார்?” இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமோ? புதுப்பெயரால் விற்காத பண்டம் பழைய பெயரால் விற்கின்றதென்றால், வாங்குபவன் காசு கொடுப்பது பண்டத்திற்கன்று, பெயருக்கு. அதாவது, உள்ளே இல்லாத ஒன்றிற்கு. ஒரு வேளை பண்டமும் நல்லதாயிருக்கலாம். நண்பரின் மகன் அதனை விரும்பினானே! அவனுக்கு அதனைப் புதுப்பெயரால் விற்பதிற் குற்றமென்ன? அவன் பழம்பெயருக்குக் கடன்பட்டவனல்லன்.

நிற்க. எதிர்க்கட்சியார் நகைப்புக்கு விடை கூறாமல் நழுவலாகாது. பழைய வழக்கத்தை நாம் எதிர்ப்பது அது பழையது என்பதற்காகவன்று. அது பிறர் தலையில் ஏறி உட்காருவதனால். மணமகளையும் கைம்பெண்ணையும் “நீ இப்படி இரு” என்று அது கட்டளையிடுகின்றது. நம் பழைய பெட்டி யாருக்கும் கட்டளையிடவில்லை. புதியதை விரும்புவோர் அதனை விரும்பட்டும். நாம் கேட்பது மாற்றாதே என்பதன்று. மாற்றியதைச் சொல் என்பதே. இக்கேள்வியைப் பழமைவாதியிடமும் நாம் கேட்டதுண்டே. ஆயிரம் ஆண்டு வழக்கம் என்று அவர் காட்டும் சடங்கைக் கிண்டிப் பார்த்தால், பாதி நேற்று முளைத்ததாயிருக்கும். அங்கேயும் புதிய பண்டத்திற்குப் பழைய பெயர்தான். அன்றியும் நம் பக்கத்தார் சிலரையும் விட்டுவிடுவதற்கில்லை. சீர்திருத்தச் சங்கம் என்று நாற்பதாண்டுப் பெயர்ப்பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு, உள்ளே ஆண்டிற்கொருமுறை விருந்தும் பொன்னாடையும் மட்டும் நடத்துவோர் இல்லையா? உறுப்பினர் சந்தா செலுத்துவது பெயருக்கோ, வேலைக்கோ? இது வேறு கட்டுரைக்கு ஆகும். இங்கே தொட்டுவிட்டு நகர்கின்றோம்.

வாங்குபவனுக்குக் கடமை இல்லையோ எனின், உண்டு. கடையிற் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்பது சரியே. ஆனால், இன்று பெரும்பாலும் பெட்டி தபாலில் வருகின்றது. கடைக்காரரிடத்தும் ஒலிக்கச் செய்து காட்டும் அறை அரிதாகிவிட்டது. இந்நிலையில் பெயரொன்றே வாங்குபவன் கையிலுள்ள காது. அக்காதையும் அடைத்துவிட்டால் அவன் எதைக்கொண்டு கேட்பான்?

நாம் அந்நிறுவனத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினோம். வசைபாடி எழுதவில்லை, விவரம் கேட்டே எழுதினோம். கூம்பு எப்பொருளால் ஆனது, பழையது எதனால் ஆயிற்று? பிரிப்புச் சுற்றில் எவ்வுறுப்புக்கள் மாறின? எந்த வரிசை எண்ணிலிருந்து மாற்றம் தொடங்கிற்று? இம்மூன்றையும் கேட்டு, பெயரின் பின்னே ஓர் எழுத்தேனும் சேர்க்கக்கூடுமா என்றும் வினவியிருக்கின்றோம். விடை வந்தால் இப்பகுதியில் வெளியிடுவோம். புதிய சோடியை நண்பரின் மகன் தன் அறைக்கு எடுத்துச் சென்றுவிட்டான். பாதி விலை தருவதாகச் சொல்லியிருக்கின்றான், அதுவும் தவணையில். பழையது முன்கூடத்திலேயே இருக்கின்றது. பழுதுபார்ப்பவர் சொன்ன ஓராண்டில் நான்கு திங்கள் கழிந்தன.